பாவித்தவரின் பேச்சும் வாங்குபவரின் பணமும்

ஒரு பொருளைப் பற்றி விளம்பரம் ஆயிரம் சொன்னாலும், அதைப் பாவித்தவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்குத்தான் எம் மக்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள். குக்கர் வாங்கப் போகிறவர் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார். வேன் வாங்கப் போகிறவர் அதே மாடலை ஓட்டுபவரைத் தேடிப் பிடிக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் கேட்டதை எடை போடத் தெரியாதவர், நான்கு பேரிடம் கேட்டு நான்கு விதமான பதிலோடு வீடு திரும்பி, கடைசியில் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் பேச்சின்படி பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

பாவனையாளர் கருத்தை எப்படி எடை போடுவது என்பதை இவ்வாரம் ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். உதாரணம் ஒரு சின்னக் கமரா லென்ஸ். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என்று சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்டூடியோ வைத்திருப்போரும், கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கப் போவோரும் எம்மவரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். மற்ற வியாபாரிகளுக்கும் இதில் விடயம் இருக்கிறது. தம் கடைச் சாமானைத் தாமே படம் பிடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பாத வியாபாரி இன்று யார்?

மடவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். கெனன் 1300டி கமரா வைத்திருக்கிறார். அத்தோடு பெட்டியில் வந்த 18-55 ஸூம் லென்ஸ். இன்னொருவரிடம் உதவியாளாகப் போய்ப் படம் பிடிக்கிறார். தனியாகத் தொழில் தொடங்க ஆசை. சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு ஒரு லென்ஸ்தான் வாங்கலாம். அது பிழைத்தால் இன்னும் ஒரு வருடம் உதவியாள்தான். கெனனின் 24 மி.மீ. தட்டை லென்ஸைப் பற்றிப் பலரிடம் விசாரித்திருக்கிறார்.

"ஒருத்தர் இருட்டுக்கு நல்லம் என்கிறார் நானா. இன்னொருத்தர் இருட்டுக்குச் சரிவராது என்கிறார். ஒருத்தர் வைட் என்கிறார், ஒருத்தர் வைட் இல்லை என்கிறார். யாரைத்தான் நம்புவது?"

நான் கமராக்காரன் அல்ல. ஆனால் ஒரே சரக்கைப் பற்றி இரண்டு வாடிக்கையாளர் நேர்மாறாகப் பேசினால், இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரின் பாவனை வேறு என்பது கடையில் இத்தனை வருடம் நின்றதில் தெரிந்துகொண்ட சங்கதி. அதனால் இந்த லென்ஸைப் பற்றித் தேடிப் பார்த்தேன். தொழில் தெரிந்தவர்களிடமும் கேட்டேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். இதன் பெயர் ஈ.எஃப்.-எஸ். 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். 2014 செப்டெம்பரில் கெனன் அறிவித்தது. எடை 125 கிராம், அதாவது கால் இறாத்தலை விடக் கொஞ்சம் கூட. தடிப்பு 22.8 மி.மீ., ஓர் அங்குலம்கூட இல்லை. இப்படித் தட்டையாக இருப்பதால் இவ்வகை லென்ஸ்களைப் பான்கேக் என்கிறார்கள். நம் தேநீர்க் கடையில் பான்கேக் என்றால் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டியது. இது சுருட்டாத பான்கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸூம் கிடையாது. கிட்டப் பார்க்க வேண்டுமானால் நீங்கள்தான் முன்னே நடக்க வேண்டும்.

இருட்டுக்கு நல்லமா, கூடாதா?

எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம் உள்ளே போகும். 18-55 ஸூமை 24க்குத் திருப்பினால் அதன் அகன்ற துவாரம் ஏறக்குறைய எஃப் 4. இந்தச் சின்ன லென்ஸில் எஃப் 2.8. இதன் அர்த்தம் இரண்டு மடங்கு வெளிச்சம். ஸூமில் செக்கனில் 60ல் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய இடத்தில் இதில் 125ல் ஒரு பங்கு போதும். கை கொடுக்கும் மாப்பிள்ளையின் கையோ, ஓடி வரும் பிள்ளையோ இழுபடாமல் படத்தில் நிற்க அந்த வித்தியாசம் உதவும். நல்லம் என்றவர் கல்யாண வீட்டில் ஆட்களைப் பிடிப்பவர்.

கூடாது என்றவரும் பிழையாகச் சொல்லவில்லை. பெட்டியில் வரும் ஸூமில் பெரும்பாலும் கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு இருக்கும். இந்த 24ல் அது இல்லை. மண்டபத்தின் அலங்காரம், மேடை, சாப்பாட்டு மேசை, ஹோட்டல் அறை போன்ற அசையாத பொருள்களை மங்கிய வெளிச்சத்தில் கையில் வைத்தபடி பிடிப்பதென்றால் நடுக்கம் தாங்கும் ஸூமில் 15ல் ஒரு பங்கு செக்கனுக்கும் படம் தெளிவாக வரும். இந்தச் சின்ன லென்ஸில் அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் தெரியும். நடுக்கம் தாங்கி உங்கள் கையைத்தான் பிடித்து வைக்கும், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வைக்காது. அசைகிற ஆளுக்கு எஃப் 2.8, அசையாத சுவருக்கு நடுக்கம் தாங்கி.

எசல பெரஹெராவை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பரைத் தீப்பந்த வெளிச்சத்தில் ஆட்டக்காரர்கள் சுழன்று வருகிறார்கள். பிளாஷ் அடித்தால் யானைக்கும் ஆட்டக்காரருக்கும் இடைஞ்சல், தீயின் நிறமும் படத்தில் செத்துப் போகும். அசைகிற ஆட்கள் என்பதால் எஃப் 2.8 உதவத்தான் செய்யும். ஆனால் இருக்கை எங்கே என்பதும் கணக்கு. வீதியோரத்தில் முன்வரிசை என்றால் சரி. பின்னால் மாடியில் இருந்தால் இந்த லென்ஸில் யானை, பூனை அளவுக்குத்தான் தெரியும். "பெரஹெராவுக்குச் சரிவரவில்லை" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காமல் அந்தக் கருத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வைட் என்ற சொல்லின் விலை

அடுத்த சர்ச்சை வைட் பற்றியது. 24 என்ற இலக்கம் முழு அளவு சென்சர் கமராவில் நல்ல அகலம். ஆனால் இந்த லென்ஸ் சிறிய சென்சர் கமராக்களுக்கு என்றே செய்தது. கெனனின் சிறிய சென்சரில் இலக்கத்தை 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 24 கிட்டத்தட்ட 38 ஆகிவிடும். கையிலுள்ள தொலைபேசிகளின் பிரதான கமரா பொதுவாக 24 முதல் 26 அளவு அகலம் பார்க்கிறது. ஆகவே போனில் வீட்டு முன்றல் முழுவதையும் பிடித்துப் பழகியவர் இதை மாட்டினால், "என்ன இது, வைட் என்றார்களே, போனை விடவும் குறுகலாக இருக்கிறதே" என்று கேட்கத்தான் செய்வார். பேரளவு ஸூமில் தூரத்துப் பறவை பிடித்துப் பழகியவருக்கு இதுவே பெரிய அகலம்.

இந்த இடத்தில் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைட் என்று ஒரே சொல்லில் சொல்லி விற்றுவிட்டால் அடுத்த நாள் பொருள் திரும்பி வரும், அல்லது ஆள் திரும்பி வரமாட்டார். அடிக் கணக்கில் சொல்லிக் கொடுங்கள். சிறிய சென்சர் கமராவில் இந்த 24ஐ மாட்டி 10 அடி தள்ளி நின்றால் ஏறக்குறைய 9 அடி அகலம் படத்தில் விழும். அதே இடத்தில் ஸூமை 18ல் வைத்தால் 12 அடிக்குச் சற்று மேல். 50 மி.மீ. லென்ஸ் என்றால் நாலரை அடிதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடு, நடு ஹோல் பன்னிரண்டுக்குப் பதினான்கு இருக்கும், அதில் பாதி சோபா. நிக்காஹ் நடக்கும்போது சுவரில் முதுகை வைத்து நின்றாலும் படம் பிடிப்பவருக்குக் கிடைப்பது பத்தடிதான். ஒன்பதடி அகலத்தில் தோளோடு தோள் ஐந்து பேர், நெருக்கினால் ஆறு பேர் நிற்கலாம். மாப்பிள்ளை, வலி, பதிவாளர், சாட்சிகள் இருவர் என்று அது சரி. இரு குடும்பமும் சேர்ந்த பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் என்றால் முடியாது. இரண்டு வரிசையாக்க வேண்டும்.

இரண்டு வரிசை ஆக்கினால் இரண்டும் தெளிவாக வருமா? இங்கேதான் இந்தச் சின்ன லென்ஸின் உண்மையான பலம் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது என் வருத்தம். 10 அடியில் எஃப் 2.8 திறந்து பிடித்தாலும், முன்னும் பின்னுமாகச் சுமார் 6 அடி ஆழத்துக்கு முகங்கள் தெளிவாக விழும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை அதன் முழு வாயும் திறந்து அதே 10 அடியில் பிடித்தால் தெளிவாக விழும் ஆழம் ஓர் அடிக்கும் குறைவு. முன்வரிசை உம்மா தெளிவு, பின்வரிசை மாமா புகை. 50 மி.மீ. எஸ்.டி.எம். 2015ல் 125 டொலர் அளவில் வந்ததிலிருந்து "முதலில் ஐம்பதை வாங்கு, பின்னணி மங்கலாக அழகாக வரும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் புத்திமதி. ஒற்றை ஆளின் முகத்துக்கு அது உண்மை. குடும்பப் படத்துக்கு அதே அழகு வினையாகும்.

முகம் என்றவுடன் இன்னொன்று. அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம்தான் பல ஸ்டூடியோக்களின் அன்றாடச் சோறு. அந்த வேலைக்கு இந்த 24 உதவாது. தலையும் தோளும் படத்தை நிரப்ப வேண்டுமென்றால் இரண்டடிக்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கி, ஆள் வேறாகத் தெரிவார். அங்கே 50 தான் சரி. எனவே "முகம் நன்றாக வருவதில்லை" என்று குறை சொல்பவர் லென்ஸைக் குறை சொல்லவில்லை, தனக்குத் தெரியாமலே தன் வேலையைச் சொல்கிறார்.

ஒரே லென்ஸ், இரண்டு கமரா

வீடியோவில் தானாகக் குவியம் பிடிப்பதைப் பற்றியும் தம்பி இரண்டு விதமாகக் கேட்டிருந்தார். இதற்கு விடை லென்ஸில் இல்லை, அது மாட்டியிருக்கும் கமராவில் இருக்கிறது. 2013ல் வந்த 70டி முதல் 80டி, 200டி போன்றவற்றில் சென்சரிலேயே குவியம் பிடிக்கும் புது முறை உண்டு. அவற்றில் இந்த லென்ஸ் ஆள் நடக்க நடக்க வழுவழுவென்று பின்தொடரும். தம்பியின் 1300டியில் வீடியோ ஓடும்போது தொடர்ந்து குவியம் பிடிக்கும் வசதியே கிடையாது. எந்த லென்ஸ் மாட்டினாலும் அதே கதிதான். 80டி வைத்திருப்பவரின் புகழ்ச்சியைக் கேட்டு 1300டிக்காரர் வாங்கினால் லென்ஸ் ஏமாற்றியது போலத் தோன்றும். இன்னொரு சங்கதி, இதில் உள்ளது பற்சக்கர வகை மோட்டார். அமைதியான அறையில் கமராவின் சொந்த மைக்கில் பதிந்தால் மெல்லிய கிறுகிறு சத்தம் கேட்கும். பைத் பாடும் சபையில் கேட்காது, துஆ ஓதும் நேரத்தில் கேட்கும். தனி மைக் வைத்து வேலை செய்பவருக்கு இது குறையே அல்ல.

கருத்துக்கும் காலாவதித் திகதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கெனன் 2012ல் இதன் மூத்த சகோதரனாக 40 மி.மீ. தட்டை லென்ஸை வெளியிட்டது. அதன் குழாயில் அழுத்தம் பட்டால் தானியங்கிக் குவியம் நின்று போகிறது என்ற முறைப்பாடு எழுந்தது. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, அதே ஆண்டில் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. கமரா வழியாகவே லென்ஸுக்கு அதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த முறைப்பாடு மட்டும் வருடக் கணக்காக வாயிலிருந்து வாய்க்கு உலாவியது. பிஸ்கட் பெட்டியில் திகதி பார்க்கும் நாம், கேட்கும் குறைக்கும் திகதி கேட்க வேண்டும். எப்போது வாங்கினீர்கள், எப்போது இப்படி ஆனது?

காலாவதி ஆவதில் முதலிடம் விலைக்குத்தான். இந்த லென்ஸ் வந்தபோது அமெரிக்காவில் 149 டொலர். "இந்த விலைக்கு யோசிக்கவே தேவையில்லை" என்று அக்காலத்தில் எழுதாதவர் இல்லை. அன்று டொலர் சுமார் 130 ரூபா. 149 டொலர் 19,370 ரூபா. 2022 மார்ச் மாத ஆரம்பம் வரை 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது நாமெல்லாம் அனுபவித்தது. அதே 149 டொலர் 53,640 ரூபா ஆயிற்று. 2024, 2025ல் 300ஐ ஒட்டி நின்றபோதும் 44,700. இதில் வரியும் அனுப்புகூலியும் சேர்க்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம் என்பதையும் மறக்க வேண்டாம். லென்ஸ் மாறவில்லை, கண்ணாடி மாறவில்லை, "மலிவு" என்ற சொல் மட்டும் பொய்யாகிப் போனது. டொலரில் சம்பாதிப்பவரின் மலிவு, ரூபாவில் சம்பாதிப்பவரின் மலிவு அல்ல.

சிறியதாக இருப்பதே இதன் பெருமை. சனக்கூட்டத்தில் யாரையும் இடிக்காது. நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. வீட்டில் பிள்ளைகளும் மூத்தவர்களும் பெரிய குழாயைக் கண்டால் விறைத்துப் போவார்கள், இதைக் கண்டால் இயல்பாக இருப்பார்கள். பெண்கள் பகுதிக்குப் படம் பிடிக்கப் போகும் சகோதரிகளிடம் இந்தப் பாராட்டைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னது வேறு. இதை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய கமரா கொண்டு வரவில்லையா?" என்று கேட்டாராம். இதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. பணம் கொடுப்பவரின் கண்ணும் ஒரு பாவனையாளர் கருத்துத்தான். அவர் இப்போது பெரிய ஸூமை இன்னொரு கமராவில் மாட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே ஹோலில் சின்னதால் வேலையை முடிக்கிறார். அது நடிப்பு என்று சிலர் சொல்லலாம். கண்ணாடி அலுமாரி வைக்காமல் நகைக் கடை நடத்த முடியுமா?

மற்ற வியாபாரிகளுக்கு வருகிறேன். இந்த லென்ஸ் 16 சென்ரிமீற்றர் வரை நெருங்கிப் பார்க்கும். அவ்வளவு நெருங்கும்போது சுமார் 8 சென்ரிமீற்றர் அகலமுள்ள பொருள் படத்தை நிரப்பும். மசாலாப் பக்கற், தேயிலைப் பெட்டி, கடிகாரம், துணியின் நெசவு என்று கடைச் சாமானுக்கு இது அருமை. அக்குறணையின் வாசனைத் திரவிய வியாபாரிகள் கறுவாப்பட்டையின் சுருளையும் கராம்பின் மொட்டையும் வெளிநாட்டு வாங்குநருக்குக் காட்ட இதுவே போதும். மாணிக்கக் கல், மோதிர வியாபாரிகளுக்குப் போதாது. மோதிரம் படத்தில் கால்வாசிதான் வரும், அவர்கள் மெக்ரோ லென்ஸ்தான் தேட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். 16 சென்ரிமீற்றர் என்பது கமராவின் உள்ளேயிருக்கும் சென்சரிலிருந்து அளந்தது. லென்ஸின் முன்வாயிலிருந்து பார்த்தால் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். மேலே லைட்டை வைத்தால் கமராவின் நிழலே சரக்கின் மேல் விழும். யன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பிடியுங்கள். "கிட்டப் பிடித்தால் இருளுகிறது" என்ற முறைப்பாட்டில் பாதி இந்த நிழல்தான்.

யார் சொல்கிறார்?

சொல்பவரின் இலாபத்தையும் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு விற்க வேண்டும். அது அவர் தொழில், குற்றமல்ல. நேற்று வாங்கியவர் புகழ்வார். தன் பணம் வீண் போனதாகச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இரண்டு வருடம் பாவித்தவர் நிதானமாகப் பேசுவார். என்னைக் கேட்டால் எல்லோரிலும் பெறுமதியானவர் அதை விற்றுவிட்டவர். ஏன் விற்றீர்கள் என்று கேளுங்கள்.

இந்த லென்ஸை விற்றவர்களில் பலர் சொல்லும் காரணம், முழு அளவு சென்சர் கமராவுக்கு மாறியதுதான். ஈ.எஃப்.-எஸ். வகை லென்ஸ்கள் கெனனின் 5டி, 6டி போன்றவற்றில் பொருந்தவே பொருந்தாது. 2018ல் கெனன் கண்ணாடி இல்லாத புதிய ஆர் வகைக் கமராக்களைத் தொடங்கியது. அவற்றில் இடையிணைப்பு ஒன்று வைத்து இந்த லென்ஸை மாட்டலாம். ஆனால் முழு சென்சர் ஆர் கமராவில் நடுப்பகுதி மட்டும்தான் பதியும். 26 மெகாபிக்சல் கமராவில் 10 அளவுதான் கையில் கிடைக்கும். அந்தப் புதிய வகைக்கென்றே 2023 மே மாதம் 28 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸை கெனன் 299 டொலருக்கு அறிவித்தது. எடை 120 கிராம். நிகொன் பாவிப்பவர்களுக்கும் அதே வருடம் 26 மி.மீ. ஒன்று வந்தது.

தொழில்காரருக்கு இதன் அர்த்தம் என்ன? பழைய 24 கெட்ட பொருள் என்பதல்ல. அது போகும் பாதை இறங்குபாதை. இன்று வாங்கி மூன்று வருடத்தில் அதே விலைக்கு விற்கலாம் என்ற நினைப்பில் வாங்கக்கூடாது. ஒரு வேலைக்கு இந்த லென்ஸால் மேலதிகமாக ஆயிரம் ரூபா வருமென்றால், போட்ட பணத்தை எத்தனை வேலையில் எடுப்பீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு வருடத்துக்குள் எடுக்க முடியுமானால் வாங்கலாம். பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. ஆகவே அவர் சொல்லும் "வாங்குங்கள், கவலைப்படாதீர்கள்" என்பதும் தொழில்காரருக்குத் தேவையில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். லென்ஸ் வாங்குமுன் உங்கள் 18-55 ஸூமைச் சரியாக 24ல் வைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். அடுத்த கல்யாண வீட்டில் முழு வேலையையும் அப்படியே செய்யுங்கள். எத்தனை தடவை டேப்பைக் கழற்ற வேண்டும் என்று கை துடித்தது, கழற்றியிருந்தால் 18 பக்கம் திருப்பியிருப்பீர்களா, 55 பக்கமா என்பதைக் குறித்து வையுங்கள். சதம் செலவில்லை. 18 பக்கமே கை போனால் இந்த லென்ஸ் உங்களுக்கில்லை. 55 பக்கம் போனால் ஐம்பதை வாங்குங்கள். அதிகம் துடிக்காவிட்டால் 24. வீடியோவுக்கென்று மட்டும் இப்போதைய கமராவோடு வாங்க வேண்டாம்.

டேப் ஒட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஹோலுக்குள் சரிதான், குடும்பப் படத்தில் மட்டும் இரண்டு தடவை 18க்குப் போகத் தோன்றியது என்றார். பெட்டி லென்ஸைக் கூடவே வைத்துக்கொண்டு, பாவித்த 24 ஒன்றைத் தேடுவதென்று முடிவு. புதியதற்கும் பாவித்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பிளாஷ் வாங்கலாம் என்பது அவர் கணக்கு.

பாவித்த லென்ஸ் என்றால் கண்டியில் ஒரு விடயத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும், அதுதான் பூஞ்சணம். எங்கள் பக்க ஈரக்காற்று சப்பாத்தையே பச்சையாக்கிவிடும், கண்ணாடியை விடுமா? பின்மூடியைக் கழற்றி, போன் டோர்ச்சைப் பின்னாலிருந்து சரிவாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நான்கைந்து தூசு தெரிந்தால் பயமில்லை. வெளிநாட்டில் பாவித்தவர் எவரும் இதைப் பற்றிக் குறை சொல்லியிருக்கமாட்டார், ஏனென்றால் அவர் ஊரில் அந்தக் குறை வந்திருக்காது. வாங்கிய பின் தோல் பையிலோ துணி அலுமாரியிலோ வைக்காதீர்கள். தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற வகை என்றால் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். சிலர் அரிசி போடச் சொல்கிறார்கள். அரிசியின் மாத்தூள் லென்ஸுக்குள் போகும், வேண்டாம்.

கமராவில் மாட்டி, கிட்டவும் தூரவும் குவியம் பிடித்துப் பாருங்கள். இதில் குவியம் கையால் திருப்பினாலும் மின்சாரத்தால்தான் நகரும். கமராவில் மாட்டாமல் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. கமராவை நிறுத்து முன் வெளியே நீண்டிருக்கும் முன்பகுதியை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு தள்ளி உள்ளே அனுப்பப் பார்த்தால் பற்சக்கரம் போய்விடும். விற்பவர் அப்படித் தள்ளிக் காட்டினால் அந்த லென்ஸ் அதுவரை எப்படிப் பாவிக்கப்பட்டிருக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். மழைத்தண்ணீர் தாங்கும் அடைப்பும் இதில் கிடையாது.

கடையில் வாங்குவதானால் ஏஜென்ட் வொரண்டியா, கடை வொரண்டியா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுத்தில் வாங்குங்கள். கடை வொரண்டி என்றால், பழுதானால் மாற்றித் தருவதா, திருத்தித் தருவதா, எத்தனை நாளில் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். லென்ஸின் தொடர் இலக்கமும் சீட்டில் இருக்க வேண்டும். வெயில் மறைப்பு வளையம் பெட்டியில் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். அதையும் விலையில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.